தரங்கம்பாடியின் மதிலும் மனைகளும்

விருத்தாசலத்தில் வாழும் நமக்கு மண்ணும் சூளையும் புதியன அல்ல. குறைவாகச் சுட்ட மண் நீரை உறிஞ்சும். நன்கு வெந்தது உறிஞ்சாது. இதனை இவ்வூர்ப் பீங்கான் தொழிலாளர் யாவரும் அறிவர். இச்சிறு உண்மையைத் துணைக்கொண்டு தரங்கம்பாடி என்னும் பழைய மதில் நகரைக் காண்பது பயனுடைத்து. கடலூர் வழியாக மயிலாடுதுறை சேர்ந்து, அங்கிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கிச் செல்வார்க்கு அந்நகர் எதிர்ப்படும்.

இதன் பழம்பெயர் சடங்கன்பாடி. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. பின்னர் 1620-இல், டேனிய அரசர் நான்காம் கிறிஸ்தியானின் தூதராய் வந்த ஓவே கெட்டே என்பார்க்குத் தஞ்சை இரகுநாத நாயக்கர் இங்கு வாணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் உரிமை நல்கினார். நாயக்கர் பொன்னேட்டில் வரைந்தனுப்பிய திருமுகம் கோபன்ஹேகனில் இன்றும் உளது. டேன்ஸ்போர்க் கோட்டை அவ்வாறு தோன்றியது.

நகரைச் சூழ்ந்த மதிலோ பிற்பட்டது. அதன் வரலாறு கோட்டையின் வரலாற்றினும் சுவையுடையது. 1640-களின் நடுவிலிருந்து 1669 வரை, ஏறக்குறையக் கால் நூற்றாண்டு, தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. இருந்தவர் மாண்டனர், சிலர் அகன்றனர். முடிவில் எஸ்கில்ட் கொங்ஸ்பாக்கே என்னும் ஒருவரே டேனியராய் எஞ்சிக் கோட்டையைத் தாங்கினார். இவர் உயர்குடியினர் அல்லர், கல்வியறிவும் பெறாதவர். நாயக்கர் படை நெருக்கவே, உள்ளூர் மக்களைத் துணைக்கொண்டு நகரைச் சுற்றி அரண் எழுப்பினார். 1669-இல் கப்பல் வந்தபோது கொடி இறங்கவில்லை. பெரும்பட்டம் பெற்ற கவர்னர்கள் பலரினும் இவரே நினைக்கத் தக்கவர் என்பது என் துணிபு.

1706-இல் சீகன்பால்கு வந்து தமிழ் கற்றதும், அச்சகம் நிறுவியதும் நம் மாணவர் முன்னரே படித்தவை, ஈண்டு விரிக்கவில்லை. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றனர். சிலகாலம் ஜில்லாக் கலெக்டர் இங்கிருந்தார். 1860-இல் தஞ்சைக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டு நாகப்பட்டினத்திற்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப்பாதை ஓடிற்று. வாணிகம் அங்கே சென்றது.

பழைய தெருக்கள் பிழைத்ததற்குக் காரணம் இங்கேயே உளது. இடித்துப் புதியது கட்டும் செல்வம் தரங்கம்பாடியில் இல்லாமற் போயிற்று; மறதியே காவலாயிற்று. ஆயினும் மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. 1792-ஆம் ஆண்டைத் தாங்கிய நகர வாயில் மட்டும் நிமிர்ந்து நிற்க, அதனூடே நுழைந்தே இராஜவீதிக்குச் செல்கிறோம்.

நிலப்பக்கத்துப் பகைக்கு எழுந்த மதில் கடற்பக்கத்துப் பகையை என் செய்யும்? மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரையும் தாக்கியது. அதன்பின் கரையில் பெருங்கற்கள் இடப்பட்டன. கோட்டையைத் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் காத்து, அதனுள்ளே அருங்காட்சியகம் நடத்துகின்றனர். டேனிய தேசிய அருங்காட்சியகத்தாரின் துணையால் கவர்னர் மாளிகை சீர்பெற்றது. பொற்கொல்லர் தெருவின் சில வீடுகளும் பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டன.

பழைய முறை என்பதில்தான் நம் சூளைப் பாடம் உதவும். அக்காலத்துச் செங்கல் மெலிதாக வெந்தது, உப்புநீரை உறிஞ்சவல்லது. சுண்ணாம்புப் பூச்சு அந்நீரை ஆவியாய் வெளியே விடும். உப்பு பெரும்பாலும் பூச்சின்மேலேயே பூக்கும். பூச்சு உதிர்ந்தால் மீண்டும் பூசலாம். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்பு செங்கல்லினுள்ளேயே படிகமாகி அதனைப் பொடியாக்கும். வெளித்தோற்றம் உறுதியாயிருக்க, உள்ளே சுவர் உதிரும். அன்புடன் செய்யும் பழுதுபார்ப்பே கடலினும் கொடிய பகையாதல் இவ்வாறே. ஆயினும் வீட்டுடையாரைக் குறைகூறல் எளிது. சுண்ணாம்பு நீற்றி, அரைத்து, பதம் பார்த்துப் பூசும் கொத்தர் அரியராயினர், நாட்கூலியும் பெருகும். சிமெண்டு மூட்டையோ அடுத்த கடையிலேயே கிடைக்கிறது.