வியர்வை காய்ந்த பிறகும் கொழுப்பு எரியுமா?

"பத்து நிமிஷம் வெறித்தனமா செஞ்சா போதும், நாள் முழுக்க உடம்பு தானா கொழுப்பை எரிச்சிக்கிட்டே இருக்கும்" என்று ஜிம்மில் பலர் சொல்வார்கள். உண்மையா? நான் பொறியியல் மாணவன். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நம்ம பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 272 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால், உயரம் சுமார் 40 மீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் ஏறினால், 70 × 9.8 × 40, அதாவது சுமார் 27,000 ஜூல் வேலை. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்வாசிதான் வேலையாக மாறும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உண்மையான செலவு அதைப்போல நான்கு மடங்கு. உணவுப் பொட்டலத்தில் போடுவார்களே, அந்தக் கலோரியில் சொன்னால் சுமார் 26.

மெதுவாக ஏறினாலும் வேகமாக ஏறினாலும் இந்த 26 பெரிதாக மாறாது. நேரம்தான் மாறும். அரை மணி நேரத்தில் ஒருவர் மூன்று தடவை ஏறுகிறார், இன்னொருவர் ஆறு தடவை ஏறுகிறார் என்றால், இரண்டாமவர் ஏறுவதற்குச் செலவழிப்பது இரு மடங்கு: 156 கலோரி.

சரி, முடித்த பிறகு? காரை நிறுத்தினாலும் விசிறி கொஞ்ச நேரம் ஓடும் இல்லையா? உடம்பும் அப்படித்தான். சூட்டைத் தணிக்கவும், தசையில் தீர்ந்ததை நிரப்பவும் கூடுதல் ஆக்சிஜன் தேவை. அதனால்தான் மூச்சு உடனே அடங்குவதில்லை. எவ்வளவு கடுமையாகச் செய்கிறோமோ, அவ்வளவுக்கு இந்தப் பின்செலவும் கூடும். ஆனாலும் அது பயிற்சியில் செலவானதில் சுமார் 6 முதல் 15 சதவீதம்தான். 156-க்கு 15 சதவீதமே போட்டாலும் 23 கலோரி. கீழே இறங்கி மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்தால் 100 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடும்!

அப்போ கஷ்டப்பட்டுச் செய்வது வீணா? இல்லவே இல்லை. பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கடுமையாக உழைக்கும் தசை தன் சேமிப்பில் உள்ள சர்க்கரையைத் தீர்த்துவிடும். அதைத் திரும்ப நிரப்ப இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இன்சுலினும் நன்றாக வேலை செய்யும். இந்தப் பலன் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை நீடிக்கும். மலேசியாவில் நீரிழிவு அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. நம் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத அலமாரி எத்தனை? நமக்கு இந்த லாபம்தான் முக்கியம்.

ஆனால் இரண்டு நாளில் அது கரைந்துவிடும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அல்லது 75 நிமிடம் கடும் பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் இன்றே தொடங்கலாம். தே தாரிக்? 'கூராங் மானிஸ்' என்று சொல்லப் பழகுங்கள்!