நிலவில் நீர் இருந்தால் போதுமா?

சந்திரயான்-1 தந்த தரவுகள் 2009-இல் நிலவில் நீர்மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டியது முதல், ‘தண்ணீர் கிடைத்துவிட்டது, இனிக் குடியேற வேண்டியதுதான்’ என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. நிலவில் மனை வாங்கிப் பத்திரம் வைத்திருப்பவர்கள்கூட இருக்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவுக்கு உரிமை கோர முடியாது என்பதால், அந்தப் பத்திரத்துக்கு மதிப்பே இல்லை. தண்ணீர் விஷயமும் அவ்வளவு எளிதல்ல. வெயில் படும் மண்ணில் இருப்பது மிகச் சொற்பம். பனிக்கட்டி உறைந்து கிடப்பது துருவங்களில், சூரிய ஒளியே எட்டாத பள்ளங்களில். 2009 அக்டோபரில் நாசா, கேபியஸ் என்ற தென்துருவப் பள்ளத்தில் ராக்கெட்டின் ஒரு பகுதியை மோதவிட்டு, எழும்பிய புழுதியை ஆராய்ந்தது. எடையில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் நீர் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட பள்ளங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போகும். தோண்டவும் உருக்கவும் மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு வெயில் வேண்டும். நீர் இருக்கும் இடத்திலோ வெயில் இல்லை.

‘அப்பல்லோவில் 12 பேர் போய் நடந்துவிட்டு வந்தார்களே’ என்று கேட்கலாம். போனது உண்மை, போக முடியுமா என்ற கேள்வி 1969-லேயே தீர்ந்துவிட்டது. ஆனால் அத்தனை பயணங்களும் நிலவின் காலைப்பொழுதில் தரையிறங்கின. மிக நீண்ட தங்கலான அப்பல்லோ-17 கூட சுமார் 75 மணி நேரம்தான். நம் கணக்கில் 14 நாள் நீளும் நிலவின் இரவை அங்கே கழித்த மனிதர் இதுவரை ஒருவர்கூட இல்லை. 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கு கலமும் பிரக்யான் ஊர்தியும் நிலவின் ஒரு பகல் முழுக்கத் திறம்பட உழைத்தன; இரவு முடிந்து வெயில் வந்தபின் விழிக்கவில்லை. அவை ஒரு பகலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை, எனவே அதைத் தோல்வி என்று சொல்வது அநியாயம். இரவு எவ்வளவு கொடியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 முதல் மனிதர்கள் இருக்கிறார்களே என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் காந்தப்புலக் காப்புக்குள் சுற்றுகிறது. ஆபத்தென்றால் சில மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடலாம். நிலவு 3,84,000 கிலோமீட்டர் தொலைவு, மூன்று நாள் பயணம். அங்கே கதிர்வீச்சு, விண்வெளி நிலையத்தில் இருப்பதைப்போல் 2.6 மடங்கு என்று சீனாவின் சாங்கே-4 விண்கலம் அளந்தது. இவற்றுக்குத் தீர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடில்மேல் மண்ணை மூடலாம், எரிமலைக் குகைக்குள் தங்கலாம், சிறிய அணு உலையால் இரவைக் கடக்கலாம். அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களைப்போல முறைவைத்து ஆய்வாளர்கள் போய்வரும் முகாம் நிச்சயம் வரும், வரவும் வேண்டும். ஆனால் அது குடியேற்றம் ஆகாது; குடியேற்றம் என்றால் அங்கே பிள்ளைகள் பிறந்து வளர வேண்டும். பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே உள்ள நிலவில் ஒரு குழந்தையின் எலும்பு எப்படி உருவாகும் என்பதற்கு மருத்துவத்திடம் இன்று விடை இல்லை.