அடுப்பு மூட்டாத விருந்து

அன்புள்ள அம்மணிக்கு,

வீட்டு விருந்துகளுக்கு அடுப்பு மூட்டாமல் சிறுதீனி செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். சீஸ், ஆலிவ், பிஸ்கட்டின் மேல் கிரீம். தவறில்லை. ஆனால் அதெல்லாம் காசு கொடுத்தால் கோவை ஆர்.எஸ்.புரத்துக் கடைகளில் எவருக்கும் கிடைக்கும். உன் கைக்கு அதில் வேலையே இல்லை. கொங்கு நாட்டில் பச்சையாகக் கலந்து தின்னும் வழக்கம் நன்றாக ஊறியிருக்கிறது. அங்கிருந்து தொடங்கு.

சேலத்துத் தட்டுவடை செட்டை எடுத்துக்கொள். இரண்டு சின்னத் தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொண்டால் வீட்டில் அடுப்புக்கு வேலை இல்லை. கரூர்ப் பக்கம் போனால் இதே சரக்கைப் பொரியோடும் நொறுக்கிய தட்டுவடையோடும் பிசறிக் கரம் என்று கொடுப்பார்கள். மொறுமொறுப்பு, ஈரம், காரம், புளிப்பு, காய்கறியின் இனிப்பு எல்லாம் ஒரே வாயில் வந்து சேரும். இதற்கு இணையாக ஒரு சிறுதீனியை வெளிநாட்டுச் சமையல் புத்தகத்தில் நீ தேட வேண்டியதில்லை.

இதில் வித்தை முழுவதும் ஈரத்தை ஆள்வதில்தான் இருக்கிறது. உப்பு பட்டதும் காய் நீர் விடும். வெங்காயமும் வெள்ளரியும் சீக்கிரமே விட்டுவிடும். அதனால் காயைத் துருவி, துணியில் லேசாகப் பிழிந்து, உப்பில்லாமல் தனித்தனியாக மூடி வை. பீட்ரூட்டைக் கடைசியில் சேர். முன்னாடியே சேர்த்தால் எல்லாமே ஒரே சிவப்பாகிவிடும். சட்னியை ஒழுக விடாமல் கெட்டியாக அரை. சிவப்புச் சட்னிக்கு வரமிளகாயை வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் உனக்கு இருந்தால் விட்டுவிடு, பச்சைத் தண்ணீரில் கூடுதல் நேரம் ஊறினாலே போதும். கோர்ப்பதை விருந்தினர் கண் முன்னால் செய். ‘காரம் போதுங்களா?’ என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிற அந்த நிமிடத்துக்காகத்தான் இந்தத் தொழிலே. அடுப்படியில் ஒருவர் வெந்துகொண்டிருக்க, கூடத்தில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பதை நான் விருந்தாகவே எண்ணுவதில்லை.

இனிப்புக்குப் பழனி பஞ்சாமிர்தத்தைப் பார். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய்; நெருப்பே இல்லை. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தில் இருக்கிற நீரையும் சர்க்கரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அது நாள்பட நிற்கிறது. அதே முறையில் சின்னக் கிண்ணங்களில் நீயும் செய்யலாம். கரண்டி மட்டும் காய்ந்திருக்க வேண்டும். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் வேறெதையும் தேடாதே.

தண்ணீரில் ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய்த்துருவல், எலுமிச்சை சேர்த்த கோசம்பரியும் நம் ஊருக்குப் புதிதல்ல. கன்னடம் பேசும் வீடுகளில் கேட்டுப் பார். பொள்ளாச்சித் தேங்காய் அருகிலேயே இருக்கிறது. ஆனால் துருவிய தேங்காயைச் சித்திரை வெயிலில் நம்பாதே.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். நெருப்பு செய்யும் காவலை இங்கே உன் கையும் கத்தியும்தான் செய்ய வேண்டும். கலந்த காய் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரந்தான். முட்டை, இறைச்சி பட்ட பலகையில் கேரட் நறுக்காதே. முளைகட்டிய பயறு ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் வளர்வது, கிருமியும் அதே இடத்தில்தான் வளரும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அதைப் பச்சையாக வைக்காதே. யார் யார் வருகிறார்கள் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. ஐஸ் பெட்டிக்கான செலவை விலையில் சேர்த்துக்கொள், அதில் தயக்கம் வேண்டாம்.

கேரட்டும் பீட்ரூட்டும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகத்தான் இறங்குகின்றன. விருந்தன்று காலையில் உழவர் சந்தைக்குப் போய், உடைத்தால் ‘சடக்’கென்று ஒடிகிற கேரட்டாகப் பொறுக்கு.

பட்டியலை மாற்றி எழுதி அனுப்பு. பச்சைச் சட்னிக்குப் புதினா எவ்வளவு, மல்லி எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுது. பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.