பட்டைவில் மாற்றும் முறை

வில் என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் போர்க்களமே நம் நினைவில் எழுகின்றது. ஆயினும், வளைந்து, வளைத்த விசை நீங்கியவுடன் தன்னுருவை எய்தும் எப்பொருளும் வில்லின் இனத்ததே. விசையின் அளவுக்கு ஏற்பவே நெகிழ்ச்சியும் அமையும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். மோட்டார் வண்டியின் வில்லும் இவ்விதி வழிப்பட்டதே.

எம் இல்லத்தில் அம்பாசிடர் வண்டியொன்று உண்டு. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை உருவாகிவந்த அவ்வண்டியின் பின்னச்சைப் பிணித்து நிற்பன இரண்டு பட்டைவிற்கள். நீளத்தில் ஒன்றினொன்று குறைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பெற்று, நடுவே ஓர் ஆணியாற் பிணிக்கப்பட்டிருக்கும். தலைப்பட்டையின் இருநுனிகளும் கண்போற் சுருண்டு வண்டியின் அடித்தளத்தோடு பூட்டப்படும். சுமையால் வில் நிமிருங்கால் நுனிகளின் இடைத்தூரம் மாறுமாதலின், பின்நுனியைச் சாக்கிள் என்னும் அசையும் இணைப்பு தாங்குகின்றது.

சென்ற கோடை விடுமுறையில் எம் வண்டி இடப்புறம் சாய்ந்து நின்றது. குனிந்து நோக்கியபோது பட்டையொன்று முறிந்திருக்கக் கண்டோம். வீட்டிலேயே மாற்றுவோம் என்றார் என் சித்தப்பா. ஜாக்கியால் வண்டியை உயர்த்திச் செங்கற்களை அடுக்கி அவற்றின்மேல் நிறுத்தினார். கழற்றிய சக்கரத்தை நான் அடித்தளத்தின்கீழ்க் கிடத்தினேன். அஃது என் பாட்டனார் கற்பித்த வழக்கம். சித்தப்பா தோள்வரை கையை உள்ளே நீட்டி நட்டைத் திருகியபோது செங்கல் பொடிந்தது. வண்டி சரிந்து சக்கரத்தின்மேல் நின்றது. நான்கு விரலிடையில் அவர் கை தப்பியது. அன்று பணியை நிறுத்தி, மறுநாள் இரும்புத் தாங்கிகள் வாங்கிவந்த பின்னரே தொடர்ந்தோம்.

இனி முறையைக் கூறுவல். சமமான, இறுகிய தரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க. பின்புறத்தை உயர்த்தி, அடித்தளத்தின் உறுதியான பகுதிகளில் இரும்புத் தாங்கிகளை வைக்க. சக்கரத்தைக் கழற்றுக. அச்சினை ஜாக்கியால் ஏந்தி, வில்லின் இறுக்கம் தளருமளவும் மெல்ல இறக்குக. பின்னர் அதிர்வுதாங்கியின் இணைப்பையும், யூ போல்ட்டுகளையும், சாக்கிளையும், முன்நுனி ஆணியையும் முறையே நீக்குக. புதிய வில்லைப் பழையதனோடு ஒப்பிட்டு நோக்குக. நடு ஆணியின் தலை அச்சின் இருக்கையிலுள்ள துளையிற் செவ்வனே பொருந்தல் வேண்டும். பொருந்தாவிடின் அச்சு கோணி வண்டி நேரே செல்லாது. இரப்பர் புஷ்களையும் யூ போல்ட்டுகளையும் புதியனவாகவே இடுக. நுனிகளின் நட்டுகளை, வண்டியின் முழுச்சுமையும் சக்கரங்களின்மேல் இறங்கிய பின்னரே இறுக்குக. முன்னரே இறுக்கின் இரப்பர் முறுகி விரைவிற் கிழியும். ஒரு வில் தளர்ந்ததாயின் இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. அன்றேல் வண்டி ஒருபாற் சாயும். சிறிது தொலைவு ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்குக.

இக்காலத்துக் கார்கள் பலவற்றிலுள்ள சுருள்வில்லோ இதனினும் அஞ்சத்தக்கது. அமுக்குங் கருவியின்றி அதனைக் கழற்றின், அடங்கிய விசை ஒருங்கே வெளிப்பட்டு உயிரையும் போக்கும். அதனை அத்தொழில் வல்லாரிடம் விடுதலே அறிவுடைமை.

எம் வண்டி இப்பொழுது நேரே நிற்கின்றது. ஜாக்கி உயர்த்துதற்கே உரியது, தாங்குதற்கு உரியதன்று என்பதனை இப்பணியிற் புகுவோர் மறவாதிருப்பாராக.