இரத்த ஓட்டத்திற்கு மூலிகை: உண்பதற்கு முன் அறிய வேண்டியவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் நெடுநேரம் நின்று பணிபுரிவோர் எங்கள் புறநோயாளர் பிரிவில் கூறும் குறைகளுள் ஒன்று, “கால் மரத்துப் போகிறது, இரத்த ஓட்டம் சரியில்லை” என்பதாகும். சிலர் அதற்கெனச் சூரணமோ சீன மூலிகை மாத்திரையோ உட்கொண்ட பின்னரே எங்களிடம் வருகின்றனர்.

ஒரே குறை, பல காரணங்கள்

கால் மரத்துப்போதல் நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டதாலும் நேரலாம். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவது தமனி அடைப்பின் அறிகுறி. நின்றே வேலை செய்வோருக்கு நாளப்புடைப்பு உண்டாகலாம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. காரணம் அறியாமல் மருந்து உண்பது காலத்தை வீணாக்கும். சில வேளைகளில் காலையே இழக்க நேரிடும்.

மூலிகையும் வலிமை உடையதே

சீன மருத்துவர் வாங் சிங்ரென் 1830-இல் வெளியிட்ட நூலில், தேங்கிய இரத்தத்தை ஓடச் செய்வதற்கென 11 சரக்குகள் கொண்ட கசாயம் ஒன்றைக் குறித்துள்ளார். குசும்பாப் பூ, பீச் விதைப்பருப்பு, டாங் குவாய் வேர் ஆகியவற்றோடு நாம் நன்கறிந்த அதிமதுரமும் அதில் உண்டு. அதிமதுரத்தை மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும்.

இதய வால்வு மாற்றியவர்களுக்கும் இதயத் துடிப்புச் சீர்கெட்டவர்களுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகுமரால் தருகிறோம். இவை வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்து, இரத்தம் உறையாமல் காக்கின்றன. துடிப்புச் சீர்கேடு உடையவர்களுக்கு ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2 முதல் 3-க்குள் இருத்தல் வேண்டும். டாங் குவாய், தான்ஷென் ஆகிய சீன வேர்கள் வார்ஃபரினுடன் சேரும்போது இவ்வளவு உயர்ந்து இரத்தக்கசிவு ஏற்படலாம். பூண்டு, மஞ்சள் ஆகியவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. சமையலில் சேர்க்கும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

முருங்கைக்கீரையின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் வைட்டமின் கே மிகுதி. “இரத்தம் ஊறும்” என்று திடீரென நாள்தோறும் முருங்கைக்கீரைச் சாறு அருந்தினால் மருந்தின் பயன் குறைந்து, செயற்கை வால்வில் இரத்தம் உறையக்கூடும். கீரையை விலக்க வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணுங்கள்.

நோயாளரும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை

• உட்கொள்ளும் சூரணம், லேகியம், கசாயம் அனைத்தையும் உறையுடன் எடுத்து வந்து காட்டுங்கள்.
• சித்த மருத்துவம் விரும்பினால், அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் தகுதி பெற்ற மருத்துவரை நாடி, இங்கு தரப்பட்ட மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.
• நாங்கள் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.
• அறுவைச் சிகிச்சைக்கோ பல் பிடுங்குவதற்கோ முன்பு, உண்ணும் மூலிகைகளைத் தெரிவியுங்கள்.
• கறுத்த மலம், நிற்காத இரத்தக்கசிவு, தலையில் அடி, திடீரென வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், கால் குளிர்ந்து வெளிறுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

மூலிகை உண்டதைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்று பலர் மறைக்கின்றனர். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். நீங்கள் சொன்னால்தான் மருந்தின் அளவைச் சரியாக வகுக்க எங்களால் இயலும்.