செம்பு கற்பிக்கும் பாடம்

மாணவர்களே! உங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு செம்பு இருக்கும். ஊரிலிருந்து புறப்பட்டபோது பாட்டி கொடுத்தனுப்பியதாகவும் அஃது இருக்கலாம். அதனைக் கையில் எடுத்துப் பாருங்கள். அகன்ற வயிறு நீரைக் கொள்கிறது. குறுகிய கழுத்தில் விரல்கள் தாமாகவே பொருந்துகின்றன. விரிந்த வாய் நீரைச் சிதறாமல் வார்க்கிறது. ஒருவர் ஒரே நாளில் எண்ணிச் செய்த வடிவமன்று இது. தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் பழகித் திருத்திய வடிவம்.

1958ஆம் ஆண்டில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையர், இந்திய அரசின் அழைப்பை ஏற்று நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்தனர். தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் பெரிதும் வியந்தது, வடநாட்டார் லோட்டா என அழைக்கும் இச்செம்பினையே. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? யாருடைய கை அதனைத் தூக்கும்? தலையில் சுமப்பதா, இடுப்பில் சுமப்பதா? நிறைந்திருக்கும்போதும் ஒழிந்திருக்கும்போதும் சாயாமல் நிற்குமா? என்ன விலையாகும்? இத்தகைய வினாக்களைத் தம் அறிக்கையில் அடுக்கினர். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

இவ்வாறு வினவி, விடை தேடிப் பொருள்களை உருவாக்கக் கற்பதே பொருள் வடிவமைப்புக் கல்வி. அழகாகப் படம் வரைவது மட்டுமே அது என்று பலர் எண்ணுகின்றனர். வாக்குப்பதிவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்தறியாதவரும் சின்னத்தைக் கண்டு, அதற்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தி வாக்களித்துவிடுகிறார். அதன் புறவடிவத்தை அமைத்தவர்கள், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழிலக வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள். பயன்படுத்துவோரை முன்னிறுத்தி எண்ணியதன் பயன் அது.

பி.டெஸ். என்னும் இளநிலைப் படிப்பு நான்காண்டுக் காலத்தது. வரைதல், வடிவியல், மரம், உலோகம், களிமண், பிளாஸ்டிக் ஆகியவற்றின் இயல்பு, உடலுக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் பணிச்சூழலியல் ஆகியவற்றை மாணவர் கற்பர். பட்டறையில் தம் கையாலேயே மாதிரி உருக்களைச் செய்வர். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத்தேர்வு முதல்நிலை, முதன்மை என இரு நிலைகளில் நடைபெறும். ஐ.ஐ.டி.களில் சேர யூசீட் என்னும் தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவைப் பயின்றவரும் இத்தேர்வுகளை எழுதலாம். பட்டம் பெற்றோர் வீட்டுக் கருவிகள், அறைகலன்கள், ஊர்திகள், மருத்துவக் கருவிகள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றை உருவாக்கும் நிறுவனங்களில் பணியாற்றலாம். தனித்தும் தொழில் தொடங்கலாம்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளியொன்றில் மாணவி ஒருத்தி இக்கல்வியை விரும்பினாள். “படம் வரைவது சோறு போடுமா?” என்று அவள் தந்தை கவலையுற்றார். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவரின் அச்சம் அது; அதனை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. அவள் வாதிடவில்லை. மூட்டுவலியால் வருந்திய தன் பாட்டி, தைலப் புட்டியின் மூடியைத் திறக்க ஒவ்வோர் இரவும் பிறரை அழைப்பதை அவள் கவனித்திருந்தாள். களிமண்ணால் பெரிய மூடி ஒன்றைச் செய்தாள். “பெரிதாக இருந்தால் போதுமா? கை வழுக்குகிறதே!” என்றார் பாட்டி. இரண்டாவது மூடி கனத்தது. மூன்றாவது மூடியில் விரல் பதியும் பள்ளங்களை அமைத்தாள். அன்றிரவு பாட்டி எவரையும் அழைக்கவில்லை. தந்தை அதன்பின்னும் முழுமனத்துடன் இசைந்தாரல்லர். ஆயினும், தேர்வு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்.

அம்மாணவி தன் படைப்புத் தொகுப்பில் மூன்றாவது மூடியை மட்டுமன்றி, தோற்ற இரண்டினையும் சேர்த்தே வைத்தாள். அதுவே சரியான முறை. முடிந்த பொருளைக் காட்டிலும், அதனை நோக்கி நீங்கள் நடந்த வழியே உங்கள் சிந்தனையைப் பிறருக்குக் காட்டும்.

நீங்களும் இன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். நாள்தோறும் ஒரு பொருளை வரைந்து, அதனால் யார் இடர்ப்படுகிறார் என்று எழுதுங்கள். வரைகோடு கோணலாயினும் குற்றமில்லை. கண் கூர்மையாக இருக்கட்டும்.

சொற்பொருள்
அடுக்களை – சமையலறை
இணையர் – கணவனும் மனைவியும்
ஒழிந்த – வெறுமையான
புட்டி – பாட்டில்
இசைதல் – உடன்படுதல்

பயிற்சி
1. செம்பின் வயிறு, கழுத்து, வாய் ஆகியவை எவ்வாறு பயன்படுகின்றன?
2. மாணவியின் முதல் இரண்டு மூடிகளும் ஏன் பயன்படவில்லை?
3. ‘செம்பு’ என்னும் உலோகத்தின் பெயர், அதனால் செய்த கலத்துக்கும் ஆகி வந்துள்ளது. இத்தகைய பெயரை இலக்கணம் எவ்வாறு அழைக்கும்?
4. உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் பயன்படுத்த இடர்ப்படும் பொருள் ஒன்றை வரைந்து, அதனை எவ்வாறு திருத்தலாம் என ஐந்து தொடர்களில் எழுதுக.