காந்தத் துடிப்பும் மூளைப் பகுதிகளின் தொடர்பும்

கம்பிச் சுருளொன்றினுள் காந்தத்தை விரைவாக நுழைத்தால் சுருளில் மின்னோட்டம் தோன்றும். கால்வனாமீட்டரின் முள் அசைவதைக் கொண்டு பள்ளிகளில் இதனைக் காட்டுவர். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட இவ்வுண்மையே, மண்டையோட்டைத் திறவாமல் மூளையைத் தூண்டும் முறைக்கும் அடிப்படையாகும். இங்கு நகரும் காந்தத்தின் வேலையை, தலைமேல் வைத்த சுருளில் கணநேரம் பாய்ந்து மறையும் வலிய மின்னோட்டம் செய்கிறது. அதனால் எழும் மின்னோட்டம் மூளைத் திசுவில் தோன்றுகிறது. ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடன் உழைத்தோரும் 1985-இல் இவ்வாறு மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டி, மறுபுறக் கைத் தசைகள் துடிக்கக் கண்டனர்.

மண்டையோடு மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. காந்தப் புலத்துக்கோ அது தடையன்று. சுருளருகே புலம் 1.5 முதல் 2 டெஸ்லா வரை எழும்; துடிப்பு ஒரு மில்லிசெகண்டு கூட நீடிப்பதில்லை. எனினும் தொலைவு கூடக் கூடப் புலம் விரைந்து குன்றுவதால், வழக்கமான சுருள் 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் வரையே நேராகத் தூண்டவல்லது. ஆயினும் விளைவு அங்கேயே நின்றுவிடுவதில்லை.

மூளையின் இரு பகுதிகள் ஒருங்கே செயற்படுவதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டும். ஆனால் இரு வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கெரிவதைக் கண்டு, ஒரு வீட்டிலிருந்து மற்றதற்குக் கம்பி செல்கிறது என்று முடிவு கட்டலாகாது. இரண்டிற்கும் ஒரே மின்கம்பத்திலிருந்து கம்பி வந்திருக்கலாம். எது எதனை இயக்குகிறது என அறிய, ஓரிடத்தைத் தூண்டி மற்றோரிடத்தை நோக்கவேண்டும். காந்தத் துடிப்பின் தனிச் சிறப்பு இதுவே.

1992-இல் லண்டனில் நடந்த சோதனையில், ஓர் அரைக்கோளத்தின் இயக்கப் பகுதிமேல் சுமார் 10 மில்லிசெகண்டு முன்னதாக ஒரு துடிப்பு செலுத்தப்பட்டது. மறு அரைக்கோளத்தைத் தூண்டியபோது கைத் தசையின் துடிப்பு குறைந்தது. ஒன்று மற்றதனை அடக்குகிறது என்பது தெளிவாயிற்று. 1997-இல் மான்ட்ரியாலில் தாமஸ் பாஸ் முதலியோர், கண்ணசைவை ஆளும் முன்மூளைப் பகுதியைத் தூண்டி இரத்த ஓட்டத்தை அளந்தனர். துடிப்புகள் மிகுந்தபோது, சுருளின் கீழ் மட்டுமன்றித் தலையின் பின்பாதியிலுள்ள பார்வைத் தொடர்பான பகுதிகளிலும் ஓட்டம் மிகுந்தது.

நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் ஆழத்தில் உள்ளது. சுருள் அதனை நேரே எட்டாது. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒவ்வொருவருக்கும் ஹிப்போகாம்பஸுடன் இணைந்து செயற்படும் பக்கமூளைப் புள்ளியைத் தேர்ந்து, 5 நாள் தூண்டினர். தூண்டல் முடிந்து ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தபின்னும் அத்தொடர்பு வலுத்திருந்தது. முகங்களோடு சேர்த்துக் கற்ற சொற்களும் நன்கு நினைவில் நின்றன. ஆய்வுக்குட்பட்டோர் சிலரே என்பதை மறத்தல் கூடாது. மனச்சோர்வு நோய்க்கு இம்முறைக்கு அமெரிக்க அரசு 2008-இல் அனுமதி அளித்தது. முன்மூளையின் எப்புள்ளியைத் தூண்டுவது என்பதையும் ஆழ்பகுதிகளோடு அதற்குள்ள தொடர்பைக் கொண்டே தேர ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர்.

சுருள் ஒவ்வொரு துடிப்பிலும் உரத்த ஒலி எழுப்பும். காது கேட்ட ஒலிக்கு மூளை தரும் மறுமொழியைத் தூண்டலின் விளைவெனத் தவறாகக் கொள்வது எளிது. ஆகவே வேறோர் ஓசையால் அதனை மறைப்பர்.

அவ்வாறு மறைத்து, மார்செல்லோ மாசிமினி முதலியோர் விஸ்கான்சினில் செய்து 2005-இல் வெளியிட்ட சோதனை குறிப்பிடத்தக்கது. விழித்திருந்தவரின் மூளையில் ஒரு துடிப்பு எழுப்பிய மின்னலை, பல சென்டிமீட்டர் அப்பாலுள்ள பகுதிகளுக்குப் பரவி, சுமார் 300 மில்லிசெகண்டு நீடித்தது. அவரே கனவற்ற உறக்கத்தில் ஆழ்ந்தபின் அதே துடிப்பு, முதலில் முன்னினும் வலிய அலையை எழுப்பிற்று. அதுவோ எழுந்த இடத்திலேயே அடங்கிற்று. நரம்பிழைகள் அறுபடவில்லை, அவற்றின் வழியே செய்தி செல்லும் நிலைதான் மாறிற்று.

இதனைக் கொண்டு, துடிப்புக்குப் பின் எழும் மறுமொழி எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணால் அளக்கும் முறை 2013-இல் வெளியிடப்பட்டது. மூளைக் காயமுற்றுப் பேச்சும் அசைவும் இழந்தவரிடம் கட்டளையிட்டு விடை பெற இயலாது. அறிவு தெளிவாயிருந்தும் உடல் முற்றும் முடங்கிய நோயாளிகளிடம் இவ்வளவீட்டைச் செய்தபோது, விழித்திருக்கும் நலமுடையோர்க்குரிய எண்ணே கிடைத்தது.